சந்திரனில் மண் அள்ள எத்தனை கை வேண்டும்?

(சபையின் ஆண்டு நிறைவு விழாவில் சிறுவருக்கும் வாலிபருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும், பெரியவர்களுக்கும் பிரயோசனமாயிருக்க வேண்டும். ஆகவே சந்திரனைப் பற்றிப் பேசப் போகிறேன். சந்திரனில் மண் அள்ளும் ரோபோவை மாணவர்கள் எப்படிச் செய்கிறார்கள், அந்த மாணவர் அணியை எப்படி நடத்துவது என்பதுதான் இன்றைய விஷயம். கடைசியில் இந்தக் கதை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேரும். அதுவரை பொறுமையாய்க் கேளுங்கள்.

பிள்ளைகளே, முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. 1969ஆம் ஆண்டு யூலை 21ஆம் திகதி, நம் சுவிஸ் நேரப்படி அதிகாலையில், மனிதர் முதன்முறையாகச் சந்திரனில் நடந்தார்கள். அமெரிக்கக் கொடியை நாட்டியது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொடிக்கும் முன்னதாக அங்கே விரித்து வைக்கப்பட்டது என்ன தெரியுமா? ஓர் அலுமினியத் தாள். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் அகலமும் 140 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட அந்தத் தாள், பேர்ண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யோகானஸ் கைஸின் குழு செய்த பரிசோதனைக்கு உரியது. சூரியனிலிருந்து வீசும் நுண்துகள்கள் வந்து அதில் பதிந்தன. 77 நிமிடங்களுக்குப் பிறகு அதைச் சுருட்டி எடுத்து, பூமிக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தார்கள். சந்திரன் எங்கோ பெரிய நாடுகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் ரயிலில் கடந்து போகிற ஊர்களிலேயே அந்த வேலை நடக்கிறது.

சரி, சந்திரனில் ஏன் மண் அள்ள வேண்டும்? அங்கே போய்த் தங்குகிறவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், மூச்சுக்கு ஒட்சிசன் வேண்டும். எல்லாவற்றையும் பூமியிலிருந்து ஏற்றிக்கொண்டு போவதென்றால் ஒவ்வொரு போத்தல் தண்ணீரும் பொன்னைவிட விலையாகிவிடும். ஆனால் சந்திரனின் துருவங்களில் சூரிய ஒளியே படாத ஆழமான பள்ளங்கள் உண்டு. அங்கே தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாய்க் கிடக்கிறது. சந்திரனில் நீர் உண்டென்று உறுதிப்படுத்த உதவியது இந்தியா 2008இல் அனுப்பிய சந்திரயான்-1. அதன் திட்ட இயக்குநர் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அதுமட்டுமல்ல, சந்திர மண்ணின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒட்சிசன்தான்; வேறு மூலகங்களோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. மண்ணை அள்ளிச் சூடாக்கிப் பிரித்தால் அதை எடுக்கலாம்.

அள்ளுவதுதான் கஷ்டம். தோட்டத்தில் அப்பா மண்வெட்டியைக் காலால் மிதித்து இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய உடம்புப் பாரம்தான் மண்வெட்டியை உள்ளே தள்ளுகிறது. சந்திரனின் ஈர்ப்பு பூமியினதில் ஆறில் ஒரு பங்கு. இங்கே அறுபது கிலோ நிறை காட்டுகிற அப்பா அங்கே பத்துக் கிலோ பிள்ளையைப் போல இலேசாகிவிடுவார். மண்வெட்டியை மிதித்தால் மண்வெட்டி இறங்காது, அப்பாதான் மேலே எழும்புவார்! ரோபோவுக்கும் அதே கதிதான். பாரமாகச் செய்யலாமென்றால் ரொக்கெற்றில் ஏற்றக் காசு போதாது. இதற்கு நாசாவின் பொறியியலாளர் ஒரு வழி கண்டார்கள். ரோபோவின் முன்பக்கம் ஓர் உருளை, பின்பக்கம் ஓர் உருளை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழன்று மண்ணைச் சுரண்டி உள்ளே எடுக்கும். கயிறிழுத்தல் போட்டியில் இரண்டு பக்கமும் சமபலமானால் கயிறு நடுவில் நிற்கும் அல்லவா? அதுபோல ஒரு உருளையின் இழுப்பை மற்ற உருளை சமன் செய்துவிடும்.

அடுத்தது தூசி. பூமியில் காற்றும் மழையும் மணலை உருட்டி மழுங்க வைக்கின்றன. சந்திரனில் காற்றுமில்லை, மழையுமில்லை. அங்கே உள்ள தூசி உடைந்த கண்ணாடிபோல் கூரானது, எதிலும் ஒட்டிக்கொள்ளும், சுழலும் பாகங்களைத் தேய்த்துவிடும். மூன்றாவது தூரம். சந்திரன் ஏறத்தாழ 3,84,400 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. ரேடியோ அலை போய்ச் சேர ஒன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகம் எடுக்கும், திரும்பி வர அதேயளவு. முன்னால் குழி இருப்பதைப் படத்தில் பார்த்து “நில்” என்று சொல்லும்போது ரோபோ ஏற்கெனவே இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

இந்தக் கஷ்டங்களையெல்லாம் மாணவர்களே சமாளித்துப் பழக வேண்டும் என்று நாசா 2010இல் ஒரு போட்டியைத் தொடங்கியது. லூனபொட்டிக்ஸ் என்பது அதன் பெயர். பல்கலைக்கழக மாணவர் அணிகள் தாங்களே ரோபோவை வரைந்து, செய்து, கொண்டுவர வேண்டும். சந்திர மண்ணைப் போலத் தயாரித்த மண் நிரம்பிய களத்தில், குறித்த சில நிமிடங்களுக்குள் அது மண் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஓட்டுகிற பிள்ளைகள் வேறு அறையில் இருந்து கமராப் படத்தை மட்டும் பார்த்து ஓட்டுவார்கள். புள்ளி அள்ளின மண்ணுக்கு மட்டும் கிடைப்பதில்லை. வேலையைத் திட்டமிட்ட விதத்தை எழுதிய அறிக்கைக்கும், சிறுபிள்ளைகளின் பாடசாலைக்குப் போய் விளங்கப்படுத்தியதற்கும் புள்ளி உண்டு.

இப்போது யோசியுங்கள். இப்படி ஒரு அணியில் சில்லுச் செய்கிறவர் ஒருவர், உருளை செய்கிறவர் ஒருவர், மின்கலம், கமரா, கணினி நிரல், தூசி புகாத பெட்டி, காசுக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர். சில்லுக்காரர் அகலச் சில்லு கேட்பார். உருளைக்காரர் பெரிய உருளை கேட்பார். மின்கலக்காரர் இன்னும் இரண்டு கிலோ கேட்பார். அவரவர் பக்கத்தில் அவரவர் சொல்வது சரிதான். ஆனால் எல்லோருக்கும் ஆம் என்றால் ரோபோ பாரத்தில் படுத்துவிடும். அணித்தலைவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

தலைவர் என்றால் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் என்று நாம் நினைக்கிறோம். அப்படி ஒருவர் இருந்தாலும் அவர் தனியே ஒரு வருடத்தில் இந்த ரோபோவைச் செய்து முடிக்க மாட்டார். நல்ல தலைவர் செய்வது மூன்று வேலை.

முதலாவது, பொதுக் கணக்கை வைத்திருப்பது. மொத்தப் பாரம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று எல்லோரும் பார்க்க எழுதி வைப்பார். ஒருவருக்கு இரண்டு கிலோ கூடினால் யாருடையதில் இரண்டு கிலோ குறையும் என்று எல்லோருக்கும் முன்பாகவே கேட்பார்.

இரண்டாவது, பொருத்துகளைக் கவனிப்பது. ரோபோ பெரும்பாலும் சில்லின் நடுவிலோ உருளையின் நடுவிலோ பழுதாவதில்லை. ஒருவருடைய வேலை மற்றவருடைய வேலையைத் தொடுகிற இடத்தில்தான் பழுதாகும். ஒருவர் துளையை ஆறு மில்லிமீற்றருக்குப் போட்டிருப்பார், மற்றவர் எட்டு மில்லிமீற்றர் ஆணி வாங்கியிருப்பார். ஆகவே ஒன்றோடொன்று பேசாத இருவரைப் பேச வைப்பது தலைவரின் கடமை.

மூன்றாவது, எது தவறலாம் என்று முன்கூட்டியே கேட்பது. அதற்கு யாரும் பயமின்றிப் பதில் சொல்லக்கூடிய அணி வேண்டும். ஆணி தளர்ந்திருப்பதை முதலில் காண்பது பெரும்பாலும் கூட்டத்தில் வாய் திறக்காத பிள்ளைதான். அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி, “நீ என்ன பார்த்தாய்?” என்று கேட்கத் தெரிந்தவரே தலைவர்.

அமெரிக்கப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். இனி நம் சூரிச்சுக்கு வருவோம். இங்கே ஈ.ரி.எச். பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மாணவர்கள், பட்டப்படிப்பு முடிவதற்கு முன்பே, அணியாகச் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் ஓர் இயந்திரத்தை யோசனையிலிருந்து ஓடும் நிலைவரை கொண்டுவரும் செயற்திட்டங்கள் உண்டு. அப்படிப் பிறந்தது ஸ்பேஸ்பொக் என்ற நாலுகால் ரோபோ. சந்திரனில் சில்லில் ஓடுவதைவிட மான்போலத் துள்ளிப் போகலாமே என்று அந்த மாணவர்கள் யோசித்தார்கள். காலில் வில்லுச் சுருள்கள் வைத்தார்கள். ஒரு துள்ளலின் சக்தியைச் சேமித்து அடுத்த துள்ளலுக்குக் கொடுக்கும். அந்தரத்தில் கவிழாமல் இருக்க உடம்புக்குள் ஒரு சுழல்சில்லு வைத்தார்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் நெதர்லாந்து நிலையத்தில், உராய்வு ஏறக்குறைய இல்லாத தளத்தில் பக்கவாட்டில் கிடத்தி, சுவருக்குச் சுவர் துள்ள விட்டுப் பரிசோதித்தார்கள்.

இதிலே ஒரு விஷயத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஸ்பேஸ்பொக் ஈ.ரி.எச். மாணவர்கள் மட்டும் செய்ததல்ல. நாம் பாக்ஹொக்சூல என்று அழைக்கும் சூரிச் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்த அணி அது. ஒரு வாசலால் வந்தவர்களும் மற்ற வாசலால் வந்தவர்களும் ஒரே மேசையில் நின்று செய்தார்கள். எந்தத் துள்ளல் எந்த வாசலுக்கு உரியது என்று அந்த ரோபோவைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஸ்பேஸ்பொக் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் மாணவர்களின் பெயர்கள் நீண்ட வரிசையாய் வரும். அதில் முதலாவது பெயர் பிலிப் ஆர்ம். அவர் பிறகு அங்கேயே முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்தார். 2021இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் சந்திரனில் கனிமம் தேடும் ரோபோக்களுக்கென்று ஒரு போட்டி வைத்தது. நெதர்லாந்தில் நடந்த முதற்சுற்றில், சந்திரனைப் போல இருட்டும் கற்களுமாய் அமைத்த களத்தில், சைகை தாமதமாகப் போய்ச் சேரும்படியும் இடையிடையே அறுந்துபோகும்படியும் செய்திருந்தார்கள். ஐந்து அணிகள் அடுத்த சுற்றுக்குத் தெரிவாயின. 2022 செப்ரெம்பரில் லக்சம்பேர்க்கில் நடந்த அந்தச் சுற்றில் பிலிப் ஆர்மும் அவரது கூட்டாளிகளும் அனிமல் என்ற நாலுகால் ரோபோக்கள் மூன்றைக் கொண்டு போனார்கள்.

அந்த மூன்றும் ஒரேமாதிரி அல்ல என்பதுதான் அழகு. ஒன்று களத்தின் வரைபடம் எடுப்பதில் கெட்டி. இன்னொன்று கல்லுக்குக் கிட்டப் போய், ஒளியால் சோதித்து, இது இன்ன கனிமம் என்று நுணுக்கமாய்ச் சொல்லும். மூன்றாவது இரண்டு வேலையும் செய்யும், ஆனால் இரண்டிலும் அவ்வளவு கூர்மை இல்லை. அப்படியானால் மூன்றாவது எதற்கு? மற்ற இரண்டில் ஒன்று விழுந்தால் வேலை நின்றுபோகாமல் இருக்க! எதிலும் முதலாவதாக வராத ரோபோதான் அணிக்குக் காப்பு. இந்தச் சூரிச் அணியும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகர ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் அணியும் கூட்டாக வென்று, தொடர்ந்து ஆராய்ச்சி செய்ய ஒப்பந்தம் பெற்றன. கார்ல்ஸ்ரூவ அணிக்குச் சில்லு ரோபோவில் அனுபவம், சூரிச் அணிக்குக் கால் ரோபோவில் அனுபவம். போட்டியில் எதிராளியாய் நின்றவர்கள் பிறகு ஒரே வேலைக்குக் கை சேர்த்தார்கள்.

நம் தமிழ் ஊருக்கும் ஒருமுறை போய் வருவோம். விழுப்புரத்தில் ஒரு ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன் வீரமுத்துவேல். ரயில்வே பாடசாலையில் படித்தார். அதன்பின் அவர் போனது பொலிரெக்னிக்குக்கு. இயந்திரத் துறையில் டிப்ளோமா செய்தார். அதற்குப் பிறகுதான் பொறியியல் பட்டம், திருச்சியில் மேற்படிப்பு, சென்னை ஐ.ஐ.ரி.யில் முனைவர் பட்டம். இந்த நாட்டு வழக்கில் சொன்னால், தொழிற்கல்வி வாசலால் உள்ளே போனவர். அவரே சந்திரயான்-3இன் திட்ட இயக்குநரானார்.

அதற்கு முந்திய சந்திரயான்-2இன் தரையிறங்கி 2019 செப்ரெம்பரில் சந்திரனில் மோதி உடைந்தது. அடுத்ததைச் செய்தபோது இஸ்ரோ, எல்லாம் சரியாக நடந்தால் எப்படி என்று கேட்பதை விட்டு, எது எது தவறலாம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியது. கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். முன்பு அரைக் கிலோமீற்றர் சதுரமாயிருந்த இறங்கும் இடத்தை ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நீளமாக விரித்தார்கள். 2023 ஓகஸ்ற் 23ஆம் திகதி அது சந்திரனின் தென்துருவப் பக்கம் பத்திரமாய் இறங்கியது. அதிலிருந்து இறங்கிய 26 கிலோ நிறையுள்ள ஊர்தி பிரக்யான் சந்திர மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டது. முன்னால் நாலு மீற்றர் அகலக் குழி ஒன்றைக் கண்டபோது அதை மறுபக்கம் திருப்பிப் பத்திரமாய்க் கொண்டுபோனார்கள்.

இந்த ஊர்திகளை இந்தியாவில் ஓட்டிப் பழகச் சந்திர மண் வேண்டியிருந்ததே, அது எங்கிருந்து வந்தது? நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் சந்திரனின் மேட்டு நிலத்துப் பாறையை ஒத்த ஒருவகைப் பாறை உண்டு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையினர் அதை அறிந்திருந்தார்கள். அந்தப் பாறையை உடைத்து அரைத்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். கல் உடைத்த கையும் இல்லாமல் அந்த ஊர்தி சந்திரனில் ஓடவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் ஞாயிறு பாடசாலையில் நெகேமியாவின் கதை படித்திருக்கிறீர்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடந்தது. நெகேமியா முதலில் இரவிலே போய், எங்கெங்கே இடிந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு ஆட்களைச் சேர்த்தார். அந்தப் பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது நமக்குச் சலிப்பாயிருக்கும். ஆனால் யார் யார் கட்டினார்கள் என்று பாருங்கள். தட்டார், தைலக்காரர், வர்த்தகர், ஆசாரியர். ஒரு தகப்பன் தன் குமாரத்திகளோடு வந்து கட்டினார். தைலக்காரருக்குக் கல் வேலை தெரியுமா? ஆனாலும் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அவருடைய பங்கு முடிகிற இடத்தில் அடுத்தவருடைய பங்கு தொடங்கியது. 52 நாளில் அலங்கம் முடிந்தது. பங்கும் பொருத்தும் சரியாயிருந்தால் நடக்கிற காரியம் அது.

இனிச் சாப்பாட்டு மேசைக்கு வருவோம் என்று சொன்னேன் அல்லவா? தாய்மாரே, தகப்பன்மாரே, மார்ச் மாதம் வந்தால் சூரிச் பக்கத்துத் தமிழ் வீடுகளில் காய்ச்சல் பிடித்தது போலாகிவிடும். கிமி பரீட்சை! பாஸ் பண்ணின பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் போகும். பாஸ் பண்ணாத பிள்ளை ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கிற இடத்துக்கு வராமல் வாகனத்திலேயே போய் இருந்துகொள்ளும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறது. அப்படி நினைக்க அதற்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? சுவிஸ்காரர் அல்ல. இந்த நாட்டிலே இளையோரில் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்விக்குத்தான் போகிறார்கள். லேர செய்து, பெரூப்ஸ்மத்தூர எடுத்து, பாக்ஹொக்சூல போகலாம். பசரெல் என்ற பரீட்சை எழுதினால் ஈ.ரி.எச்.க்கும் போகலாம். கதவுகள் பூட்டப்படவில்லை. நாம்தான் ஒரு கதவை மட்டும் காட்டி, அதையே பரலோக வாசலாக்கி வைத்திருக்கிறோம்.

படிப்பை இலேசாய் எடுக்கச் சொல்லவில்லை. கிமிக்குப் போகிற பிள்ளை நன்றாய்ப் படிக்கட்டும். அதற்காக ஸ்தோத்திரம் சொல்லுவோம். ஆனால் பொலிமெக்கானிக்கர் லேர செய்கிற பிள்ளை உலோகத்தை நூறில் ஒரு மில்லிமீற்றர் கணக்கில் கடைந்தெடுக்கப் பழகுகிறான். எலெக்ட்ரோனிக்கர் லேர செய்கிற பிள்ளை சிறு மின்தட்டில் ஈயம் வைத்துப் பொருத்தப் பழகுகிறாள். சந்திரனுக்குப் போகிற எந்த இயந்திரமும் இந்தக் கைகளைக் கடந்துதான் போக வேண்டும். அந்தப் பிள்ளையிடம் “எந்த ஸ்கூல்?” என்று கேட்காதீர்கள். “இந்தக் கிழமை என்ன செய்தாய், காட்டு பார்ப்போம்” என்று கேளுங்கள். முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாடசாலைச் செயற்திட்டமோ, சபையின் ஒலிபெருக்கி வேலையோ, நத்தார் நாடகமோ, ஏதாவது ஒன்றில் நீங்கள் தலைவராக நிற்கும் நாள் வரும். அன்றைக்கு எல்லாவற்றையும் நீங்களே செய்து காட்ட ஆசைப்படாதீர்கள். பொதுக் கணக்கை எல்லோரும் பார்க்க வையுங்கள். பேசாத இருவரைப் பேச வையுங்கள். மூலையில் நிற்கிற பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். நீங்கள் ஒருநாள் வராவிட்டாலும் வேலை நடந்தால், அது உங்களுக்குக் குறைவல்ல. நீங்கள் நன்றாய் நடத்தினீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

சின்னப் பிள்ளைகளே, இன்றிரவு வானம் தெளிவாயிருந்து நிலவும் இருந்தால், அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்ப் பாருங்கள். அங்கே மண் அள்ளப் போகும் ரோபோவுக்குச் சில்லுச் செய்பவர் உங்களில் ஒருவராக இருக்கலாம், ஆணி இறுக்குபவர் இன்னொருவராக இருக்கலாம். எந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

இத்தனை வருடம் இந்தச் சபையை நடத்தி வந்த கர்த்தர், நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் கையின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.